எண்ணிக்கையில் அடங்காத மாண்பு

ஒன்று ஏராளமாகக் கிடைத்தால் அதன் மதிப்பு குறைந்துவிடுகிறதா? ஒன்று அரிதாகிவிட்டால், அதைக் குறைவாகப் பெற்றவரின் மதிப்பும் குறைந்துவிடுகிறதா?

முதற்கேள்விக்குச் சந்தை தயங்காமல் 'ஆம்' என்கிறது. தக்காளி மலிந்த நாளில் கூடையோடு சாலையோரம் கொட்டிவிட்டுப் போகும் உழவரை நாம் கண்டிருக்கிறோம். இரண்டாம் கேள்விக்கும் நம் ஊர்கள் நெடுங்காலமாக 'ஆம்' என்றே சொல்லி வந்திருக்கின்றன. பிள்ளையில்லாத பெண்ணுக்கு அவை சூட்டிய பெயரும், மங்கல நிகழ்ச்சிகளில் அவளுக்கு ஒதுக்கிய இடமும் இதற்குச் சான்று.

இவ்விரு கேள்விகளும் ஒருங்கே சந்திக்கும் இடம் ஒன்று பெண்ணின் உடலிலேயே இருக்கிறது. பாதாம் பருப்பின் அளவே உள்ள சினைப்பைதான் அது. மலைக்க வைக்கும் மிகுதியும், மீட்க முடியாத குறைவும் அங்கே ஒன்றாய்க் குடியிருக்கின்றன. அவ்வுறுப்பைப் பற்றி அறிவியல் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டபின், அறத்தின் கேள்விக்குத் திரும்புவோம்.

பிறக்குமுன் நிரம்பும் களஞ்சியம்

ஆணின் உடல் முதுமை வரையிலும் புதிய உயிரணுக்களை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. பெண்ணின் நிலை வேறு. தாயின் வயிற்றில் பெண் குழந்தை ஐந்தாம் மாதத்தை எட்டும்போது அதன் சினைப்பைகளில் ஏறத்தாழ 60 முதல் 70 இலட்சம் முட்டை அணுக்கள் இருக்கின்றன. அதுவே உச்சம். அங்கிருந்து எண்ணிக்கை இறங்கத் தொடங்குகிறது. பிறக்கும்போது 10 முதல் 20 இலட்சம். பூப்பெய்தும்போது 3 முதல் 4 இலட்சம். மாதவிலக்கு நிற்கும் காலத்தில் ஏறக்குறைய ஆயிரம். இத்தனையிலும் முதிர்ந்து வெளிப்படுபவை வாழ்நாள் முழுவதற்குமாக 400 அல்லது 500 மட்டுமே.

ஒரு தாய் பெண் குழந்தையைச் சுமக்கும்போது, அக்குழந்தை பிற்காலத்தில் பெறப்போகும் பிள்ளைக்கான முட்டை அணுவும் அப்போதே உருவாகிவிடுகிறது. பேரப்பிள்ளையின் தொடக்கத்தில் ஒரு பாதியைப் பாட்டி தன் வயிற்றிலேயே சுமந்திருக்கிறாள் என்பது கவிஞரின் கற்பனை அன்று, உடற்கூற்றின் உண்மை.

இவ்வுண்மையை மனிதர் கண்டடைய நெடுங்காலம் ஆயிற்று. பாலூட்டிகளின் சினைப்பையில் முட்டைகள் உள்ளன என்று 1667-ஆம் ஆண்டில் எழுதியவர் டென்மார்க்கைச் சேர்ந்த நிக்கோலாஸ் ஸ்டெனோ. சுறா இனத்து மீன் ஒன்றை அறுத்து ஆராய்ந்தபோது அவர் இம்முடிவுக்கு வந்தார். அதே ஆண்டில் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்த அவர், பின்னர் குருவாகி, ஆயராகவும் ஆனார். 1988-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். 1672-இல் ரெக்னியர் டி கிராஃப் சினைப்பையிலுள்ள நீர்க்குமிழிகளை விரிவாக விளக்கி, அவற்றையே முட்டைகள் என எண்ணினார். குமிழிக்குள் இருக்கும் உண்மையான முட்டையை 1827-இல் நாயின் சினைப்பையில் முதன்முதலாகக் கண்டவர் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேயர்.

பிறந்தபின் புதிய முட்டைகள் உண்டாவதில்லை என்ற கருத்தை 1951-இல் சோலி சக்கர்மன் உறுதிப்படுத்தினார். எலிகளில் புதியவை உண்டாகக்கூடும் என்று 2004-இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர் வாதிட்டனர். ஆயினும், பெண்ணின் இயல்பான வாழ்வில் இக்களஞ்சியம் மீண்டும் நிரம்புவதில்லை என்பதே அறிவியலாளருள் பெரும்பாலோரின் முடிவு.

உறங்குபவையும் விழிப்பவையும்

ஒவ்வொரு முட்டையையும் சுற்றித் துணை அணுக்கள் சூழ்ந்திருக்கின்றன. முட்டையும் அச்சூழலும் சேர்ந்த சிறு அமைப்பை மருத்துவர்கள் ஃபாலிக்கிள் என்பர். நாம் நுண்பை என்று அழைப்போம். தொடக்கத்தில் இந்நுண்பைகள் யாவும் உறங்குகின்றன. உள்ளிருக்கும் முட்டை, தான் தொடங்கிய அணுப் பிரிவைப் பாதியில் நிறுத்திவிட்டு, பத்தாண்டுகள், இருபதாண்டுகள், சில வேளை நாற்பதாண்டுகளுக்கு மேலும் காத்திருக்கிறது.

இவ்வுறக்கத்திலிருந்து நாள்தோறும் சில நுண்பைகள் விழித்து வளரத் தொடங்குகின்றன. குழந்தைப் பருவத்திலும் கருவுற்ற காலத்திலும் இது நிற்பதில்லை. ஆகவே, அதிகம் பிள்ளை பெற்றவரின் களஞ்சியம் அதனால் விரைவில் தீர்வதுமில்லை. பெறாதவரின் களஞ்சியம் சேமிக்கப்படுவதுமில்லை. விழித்தவை மீண்டும் உறங்குவதில்லை. முதிர வேண்டும், அல்லது அழிய வேண்டும்.

எத்தனை விழிப்பது என்பதை எது தீர்மானிக்கிறது? வளரும் சிறு நுண்பைகள் ஏ.எம்.எச். என்னும் சுரப்பை வெளியிடுகின்றன. அது உறங்குபவற்றை விழிக்கவிடாமல் கட்டுப்படுத்துகிறது. இச்சுரப்பை உண்டாக்க இயலாத எலிகளில் உறங்கும் நுண்பைகள் அளவுமீறி விழித்துக் களஞ்சியம் விரைவில் வற்றிப்போவதை 1999-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் கண்டனர். இருப்பு மிகுதியாக இருக்கும்போது வளர்பவை பல. எனவே கட்டுப்பாடும் வலிது. இருப்பு குறையும்போது வளர்பவை எண்ணிக்கையில் குறைகின்றன. ஆனால் எஞ்சியவற்றுள் விழித்துப்போகும் விகிதமோ கூடுகிறது என்பர் ஆய்வாளர் பலர்.

பசுவின் சினைப்பையில் இதைத் தெளிவாகக் காணலாம். அதன் ஒவ்வொரு சினைப்பருவச் சுழற்சியிலும் நுண்பைகள் இரண்டு அல்லது மூன்று அலைகளாக எழுகின்றன. ஓர் அலையில் எழுபவை எத்தனை என்பது பசுவுக்குப் பசு பெரிதும் வேறுபடுகிறது. ஆனால் ஒரே பசுவில் அது பெரிதும் மாறுவதில்லை. குறைவாக எழும் பசுவின் களஞ்சியமும் சிறிதாகவே இருக்கிறது. ஒவ்வோர் அலையிலும் ஒன்று மட்டும் முந்தி வளர்கிறது. மூளையடிச் சுரப்பியிலிருந்து வரும் எஃப்.எஸ்.எச். என்னும் சுரப்பே நுண்பைகளுக்கு ஊட்டம். முந்திய நுண்பை அச்சுரப்பின் அளவைக் குறையச் செய்கிறது. குறைந்த ஊட்டத்தில் அது மட்டும் பிழைக்க, உடன் எழுந்தவை வாடி மறைகின்றன. பெண்ணின் உடலில் மாதந்தோறும் நிகழ்வதும் ஏறக்குறைய இதுவே.

களஞ்சியம் திடீரெனப் பாதியாகிவிட்டால் என்ன நேரும்? ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர் 1787-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. ஒரே ஈற்றில் பிறந்த இரு பெண் பன்றிகளுள் ஒன்றின் சினைப்பை ஒன்றை அவர் அகற்றினார். அப்பன்றி 8 முறை ஈன்று 76 குட்டிகளைத் தந்து ஓய்ந்தது. குறையில்லாத பன்றி முதல் 8 ஈற்றுகளில் 87 குட்டிகளைத் தந்து, தொடர்ந்து 13 ஈற்றுகளில் மொத்தம் 162 குட்டிகளை ஈன்றது. இருப்பு பாதியானபோதும் ஒவ்வோர் ஈற்றின் அளவு பாதியாகவில்லை. எஞ்சிய சினைப்பை இரண்டின் வேலையையும் ஏற்றுக்கொண்டது. குறுகியது காலம்தான். இருப்பின் அளவு முதன்மையாகச் சொல்வது, இன்னும் எவ்வளவு காலம் என்பதையே. இதனை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இது நமக்குத் தேவைப்படும்.

இயற்கை அறநூல் ஆகுமா?

எழுபது இலட்சத்தில் ஐந்நூறு என்ற கணக்கைக் கேட்டதும் இருவகைப்பட்ட மனிதர் எழுந்து பேசுவர். ஒருவர், "பார்த்தீர்களா, இயற்கை எவ்வளவு ஊதாரி! இதில் நோக்கம் எங்கே, பொருள் எங்கே?" என்பார். மற்றவர் பக்தி மிகுந்தவர். "ஒன்று வாழப் பல தம்மைத் தியாகம் செய்கின்றன, இதுவன்றோ சிலுவையின் பாடம்!" என்று நெகிழ்வார்.

இருவரும் அவசரப்படுகின்றனர். முட்டை அணுவுக்கு மனமில்லை. அது தியாகம் செய்வதுமில்லை. முந்திய நுண்பை பிறவற்றின் ஊட்டத்தைக் குறைத்து வாழ்வதைத் தியாகத்தின் பாடம் என்று சொல்லத் துணிந்தால், வலியவன் எளியவனை அமுக்குவதே இயற்கையின் நீதி என்று வேறொருவன் அதே இடத்திலிருந்து பாடம் எடுப்பான். அவனை எப்படி மறுப்போம்? விலங்குகளிலும் அணுக்களிலும் நிகழ்வதைப் பார்த்து அப்படியே பின்பற்றுவதற்கு இயற்கைச் சட்டம் என்று பெயரில்லை. இறைவனின் நித்திய சட்டத்தில் அறிவுள்ள படைப்பு பங்குபெறுவதே இயற்கைச் சட்டம் என்று புனித தாமஸ் அக்குவினாஸ் விளக்கினார். கண்ணால் கண்டதை அறிவால் சீர்தூக்க வேண்டிய பொறுப்பு நம்முடையது.

அவ்வாறு சீர்தூக்கினால் முதலில் தெளிவாவது ஒன்று. முட்டை அணு மனித ஆள் அன்று. மனித உயிருக்குக் கருவுற்ற கணத்திலிருந்து மதிப்பளிக்க வேண்டும் என்று திருச்சபை போதிக்கிறது. கருவுறாத முட்டையைக் குறித்து அவ்வாறு போதிக்கவில்லை. எனவே மாதந்தோறும் வாடி மறையும் நுண்பைகளுக்காக யாரும் துயரப்பட வேண்டியதில்லை. அது இழப்புமன்று, பாவமுமன்று. வாழும் உடலின் இயல்பு.

அப்படியானால், ஆளல்லாத ஒன்றை, அதுவும் இலட்சக்கணக்கில் அழிந்துபோகும் ஒன்றை, எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தலாமா? இங்கேதான் நம் முதற்கேள்வி கூர்மை பெறுகிறது.

"வீணாகப் போவதுதானே!"

செயற்கைக் கருத்தரிப்பு முறையில் ஊசிமருந்து மூலம் எஃப்.எஸ்.எச். அளவை உயர்த்தி, அந்த மாதத்தில் எழுந்த நுண்பைகள் பலவற்றை ஒருங்கே வளரச் செய்கின்றனர். ஒன்று மட்டும் முதிர வேண்டிய இடத்தில் பத்து, பதினைந்து முதிர்கின்றன. இதனால் உறங்கும் களஞ்சியம் குறைவதில்லை. அந்த மாதத்தில் எப்படியும் வாடிப்போகவிருந்தவையே காப்பாற்றப்படுகின்றன என்று மருத்துவர் சொல்வர். இது உண்மையே.

ஆனால் இவ்வுண்மை தரகரின் வாயில் புகும்போது வேறு உருவம் கொள்கிறது. "வீணாகப் போவதைத்தானே கேட்கிறோம்? உனக்கு என்ன நட்டம்?" இச்சொற்களைக் கேட்பவள் பெரும்பாலும் கடன்பட்ட வீட்டுப் பெண். 2022-ஆம் ஆண்டில் ஈரோட்டில் வெளிவந்த செய்தியை நாம் மறந்திருக்க முடியாது. 16 வயதுச் சிறுமி ஒருத்தியின் வயதைப் போலி ஆதார் அட்டையில் உயர்த்திக் காட்டி, பலமுறை அவளுடைய கருமுட்டைகளை விற்றதாக அவளுடைய தாய் உள்ளிட்டோர் கைது செய்யப்பட்டனர். 2021-ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டம் அதற்கு முன்பே நடைமுறைக்கு வந்துவிட்டது. கருமுட்டை வழங்குபவரின் வயது 23 முதல் 35-க்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே வழங்கலாம், ஏழு முட்டைகளுக்கு மேல் எடுக்கலாகாது என்று அச்சட்டம் வரையறுக்கிறது.

எழுபது இலட்சத்தைக் கண்ட உடலில் ஏழுக்கு மேல் கூடாது என்று சட்டம் சொல்வானேன்? முட்டைகள் தீர்ந்துவிடும் என்பதற்காக அன்று. ஒவ்வொரு முட்டையையும் எடுக்க ஒரு பெண் ஊசிகளைத் தாங்க வேண்டும். மயக்க மருந்துக்கு உட்பட வேண்டும். சில வேளை சினைப்பை வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, உயிருக்கே ஊறு நேரலாம். முட்டை ஆளன்று, ஆனால் அதைச் சுமப்பவள் ஆள். அவளுடைய உடலிலிருந்து பிரித்து எண்ணப்பட்ட அந்தக் கணத்திலேயே 'மிகுதி' என்ற சொல் பொய்யாகிவிடுகிறது.

திருச்சபை இன்னும் ஆழமாகச் செல்கிறது. குழந்தை, கணவன் மனைவியரின் அன்புறவின் கனியாக வரவேண்டிய கொடை என்பதால், 1987-இலும் 2008-இலும் வெளியிட்ட தன் போதனைகளில் செயற்கைக் கருத்தரிப்பையும், பிறரது உயிரணுக்களைப் பெற்றுக் குழந்தை உண்டாக்குவதையும் அது ஏற்கவில்லை. இப்போதனை கடினமாகத் தோன்றும் இல்லங்கள் நம் பங்குகளில் உள்ளன; அவர்களது ஏக்கம் புனிதமானது. அவ்வேக்கத்தைக் கண்டிப்பவர் நற்செய்தியைப் புரிந்துகொண்டவர் அல்லர். ஆனால் ஒருவரது ஏக்கத்தைத் தீர்க்க வேறொருத்தியின் வறுமையை விலைபேசலாகாது என்பதைக் கத்தோலிக்கர் அல்லாதாரும் ஒப்புவர்.

பாலைநிலத்தில் ஐயாயிரம் பேர் உண்டபின், எஞ்சிய துண்டுகளைச் சேகரிக்கச் சொன்னார் ஆண்டவர். பன்னிரண்டு கூடைகள் நிரம்பின. அத்தனை மிகுதியை உண்டாக்கியவரே எஞ்சியதை மலிவாகக் கருதவில்லை. மிகுதி என்பது கொடுப்பவரின் தாராளம். எடுப்பவரின் உரிமைச்சீட்டு அன்று.

ஒரு தாளில் அச்சிட்ட எண்

இனி இரண்டாம் கேள்வி. ஏ.எம்.எச். அளவை இரத்தத்தில் கண்டறிந்து, களஞ்சியத்தில் எஞ்சியிருப்பதை ஓரளவு மதிப்பிடலாம். இன்று நகரங்களில் இப்பரிசோதனை எளிதாகக் கிடைக்கிறது. பரிசோதனைத் தாளில் ஓர் எண். அருகே 'குறைவு' என்ற ஒரு சொல். மணமாகி ஓராண்டு ஆகாத பெண்கள்கூட அத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு தம் வாழ்வே முடிந்தது என்று கலங்குகின்றனர். புகுந்த வீட்டார் அதையே குற்றப்பத்திரிகையாக வாசிக்கின்றனர்.

அந்த எண் உண்மையில் என்ன சொல்கிறது? ஹண்டரின் பன்றியை நினைவுகூர்வோம். இருப்பு, காலத்தைப் பற்றிச் சொல்கிறது. இம்முறை கருவுறுமா என்பதைச் சொல்வதில்லை. 2017-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, குழந்தையின்மைக் குறை அறியப்படாத, 30 முதல் 44 வயது வரையிலான ஏறத்தாழ 750 பெண்களைத் தொடர்ந்து கவனித்தது. ஏ.எம்.எச். குறைந்தவர்கள் இயல்பாகக் கருவுறும் வாய்ப்பில் மற்றவரினும் பின்தங்கவில்லை என்று அது கண்டது. ஊசிமருந்துக்கு எத்தனை நுண்பைகள் செவிசாய்க்கும் என்பதைக் கணிக்க அந்த எண் மருத்துவருக்கு உதவும். ஒரு பெண் தாயாவாளா என்பதற்கு அது தீர்ப்பு அன்று.

மேலும், குழந்தையில்லாத இணையர் பலரில் ஆணின் குறையும் காரணமாக இருக்கிறது. அவரைப் பரிசோதிக்காமலே அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் வீடுகள் இன்னும் உள்ளன. களஞ்சியத்தின் அளவு அவள் ஈட்டியதுமன்று, செலவழித்ததுமன்று. தன் தாயின் வயிற்றிலேயே அவள் பெற்றுக்கொண்டது. தான் தேர்ந்துகொள்ளாத ஒன்றுக்காக ஒருவரைப் பழிப்பது எந்த நீதி?

விவிலியத்தில் அன்னா பிள்ளையின்றி அழுதாள். பெனின்னா அவளை இழித்துரைத்தாள். பிள்ளைகளை எண்ணிப் பெருமை கொண்டவளின் பெயரை அந்த ஏளனத்தோடுதான் நாம் நினைவுகொள்கிறோம். அன்னாவுக்குப் பிள்ளை பிறந்ததால் மட்டும் அவள் உயர்ந்தவளாகவில்லை. பிள்ளையின்றி அழுத நாளிலேயே அவளுடைய மன்றாட்டு இறைவன் திருமுன் ஏறிச் சென்றது.

நம் கடமை

எண்ணுக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. உடல் காலத்தை அளந்தே தருகிறது. அந்த அளவு உண்மையானது. அதனால்தான் நம் பொறுப்பும் உண்மையானது. வரதட்சணை சேரவில்லை என்று ஒரு மகளின் திருமணத்தை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடும் பெற்றோர், தம்முடையதல்லாத காலத்தைச் செலவிடுகின்றனர். சீர்வரிசை பேசிப் பேசி இழுத்தடிக்கும் மாப்பிள்ளை வீட்டார் பிறரது களஞ்சியத்தைக் கரைக்கின்றனர். பின்னர் அதே உறவினரே, "ஏன் இன்னும் ஒன்றும் இல்லை?" என்று கேட்கும்போது, அக்கேள்வியைத் தங்களை நோக்கியே திருப்பிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நம் பங்குகளிலும் அன்பியங்களிலும் செய்யக்கூடியவை சில உண்டு. திருமணத் தயாரிப்பு வகுப்புகளில் இவ்வுடல் உண்மைகளை மணமகனும் மணமகளும் மருத்துவர் வாயிலாகச் சேர்ந்தே கேட்கட்டும். பரிசோதனை என்று வந்தால் இருவரும் சேர்ந்தே செல்லட்டும். கடன் நெருக்கடியில் உள்ள வீடுகளைத் தரகர் தேடி வருமுன் நம் வின்சென்ட் தே பவுல் சபையினர் தேடிச் செல்லட்டும். வளைகாப்பு வீட்டில், வாசலோரம் ஒதுங்கி நிற்கும் பெண்ணைக் கைபிடித்து அழைத்து, முதல் வளையலை அவளே பூட்டட்டும்.

ஒரு பெண் எழுபது இலட்சம் பெற்றபோதும், ஆயிரமாய்க் குறைந்தபோதும், ஒன்றுமே எஞ்சாதபோதும், இறைவன் தம் சாயலில் படைத்த ஆள் அவள். அந்தச் சாயல் பிறக்கும்போது நிரம்பி வழிவதுமில்லை. வயது ஏற ஏற வற்றிப்போவதுமில்லை.